கழுவிய மறுநாள் பெடல் வழுக்கியது

சைக்கிளைப் பளபளவென்று கழுவி வைத்தேன். மறுநாள் ஏறி மிதித்தால் பெடல் காலுக்கடியில் சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. நாலு மிதிக்கு ஒருமுறை 'டக்'கென்று பிடிக்கும், மறுபடி வழுக்கும்.

செயின் தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் புதிது மாட்டினேன். வீண். கியர் கேபிளையும் திருகிப் பார்த்தேன். மூன்று நாள் போயிற்று.

பின்சக்கரத்தைக் கழற்றி, செயின் மாட்டும் பல்சக்கரமான ஃப்ரீவீலைக் கையால் பின்னோக்கிச் சுற்றியபோதுதான் உறைத்தது: வழக்கமான 'டிக் டிக்' சத்தமே இல்லை. உள்ளே பல்லில் விழுந்து பிடிக்கும் சின்ன நாக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சைக்கிளைப் படுக்கப்போட்டு, பல்சக்கரத்தின்மேல் ஹோஸைப் பீய்ச்சியது நான்தான். சுற்றும் பாகத்துக்கும் சுற்றாத பாகத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி உண்டு. சோப்புத் தண்ணீர் அதன் வழியே இறங்கி மசகை எல்லாம் கரைத்துவிட்டது.

சக்கரத்தைக் கிடத்தி, அந்த இடைவெளியில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுற்றினேன். அடிப்பக்கம் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வழிந்தது. தெளியும்வரை விட்டு, காயவைத்து, பிறகு எண்ணெய். கிரீஸ் வேண்டாம், கெட்டியானது நாக்குகளை மறுபடி ஒட்டவைக்கும். 'டிக் டிக்' திரும்பியது.

இப்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தியபடியேதான் கழுவுகிறேன். சக்கரத்தின் நடுவே உள்ள ஹப் பக்கம் ஈரத்துணி மட்டும்.