வெளிநாட்டு வேலை: வக்கீலிடம் வருவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு என்னைத் தேடி வந்த பேர்ணாம்பட்டு அம்மா ஒருவர், மஞ்சள் பையிலிருந்து ஒரே ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஓமனில் தவிக்கும் மகனுடைய விசாவின் ஜெராக்ஸ் அது. வேலை விசா என்று சொல்லி ஏஜென்ட் கொடுத்தது விசிட் விசா. ரொக்கமாகக் கொடுத்தது ஒரு லட்சத்து இருபதாயிரம். "ரசீது வாங்கவில்லையா அம்மா?" என்றேன். "தெரிந்த பிள்ளைதானே சார், எப்படிக் கேட்பது?" என்றார்.

பழைய வட ஆர்க்காட்டின் ஊர்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க முடியாது. பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். ஊரில் ஆள் பிடித்துக் கொடுக்கும் துணை ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் இ.சி.ஆர்., அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்று இருக்கும். ஓமன், சவூதி, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். இந்தச் சோதனையைத் தாண்டத்தான் விசிட் விசாவில் ஏற்றி அனுப்புகிறார்கள். அப்படிப் போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. கேட்கும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

படிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறு வேறு. பழைய விசா மறுப்பை மறைக்கிறார்கள், வங்கி இருப்பை ஜோடிக்கிறார்கள். ஆலோசகர் சொல்லித்தான் செய்தேன் என்பது எடுபடாது, விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. பொய்த் தகவலுக்குக் கனடா ஐந்து ஆண்டுகள் கதவை அடைத்துவிடும். அந்த நாட்டில் காசு வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்ல, உரிமம் பெற்ற ஆலோசகர், வழக்கறிஞர் போன்றவர்களுக்கு மட்டுமே அனுமதி.

வக்கீல் என்றாலே செலவு என்று பயந்து நாளைக் கடத்துவதும் பெரிய தவறு. இதே வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரைக் கொடுப்பார்கள். 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். போலீஸில் புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். வெளிநாட்டில் சிக்கியவருக்காக வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்திலும் மனு போடுங்கள், அது நேரே தூதரகத்துக்குப் போகும்.

கோபத்தில் ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடுகிறவர்களும் உண்டு. நல்லவேளையாக அந்த அம்மா அழிக்கவில்லை. "மீதி நாற்பதை நாளைக்குக் கொண்டு வாங்க" என்ற அவன் குரல் போனில் அப்படியே இருந்தது. பையின் அடியில் குடியாத்தம் அடகுக்கடைச் சீட்டு ஒன்றும் கிடைத்தது. தேதி, அந்தக் குரல் பதிவுக்கு மறுநாள். இரண்டையும் புகாரோடு இணைத்தோம்.