வெக்கையில் சவர்டோ ஸ்டார்ட்டர்: அக்கா சொன்ன நேரக்கணக்கு இங்கே சரிவராது

சவர்டோ ஸ்டார்ட்டர் என்பது கடை ஈஸ்ட் போடாமல் பாணைப் பொங்க வைக்கிற புளித்த மா. கனடாவில் இருக்கும் அக்கா வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்முறையை அப்படியே நம்பித்தான் நானும் அதை வளர்க்கத் தொடங்கினேன். ஒரு பங்கு புளித்த மா, ஒரு பங்கு கோதுமை மா, ஒரு பங்கு தண்ணீர், 24 மணித்தியாலத்துக்கு ஒருதரம். அக்காவின் குசினியில் 20 பாகை, கிளிநொச்சியில் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 34, 35. அந்தச் சூட்டில் இந்த அளவில் கலந்த மா நாலைந்து மணித்தியாலத்தில் பொங்கி இறங்கிவிடும், மிச்ச நேரமெல்லாம் பட்டினி. அடுத்த நாள் திறந்தால் கியூடெக்ஸ் அழிக்கிற மருந்து மாதிரி மணம், மேலே சாம்பல் நிறத் தண்ணீர். பழுதாகிவிட்டது என்று இரண்டு தரம் கொட்டினேன். பழுதே இல்லை, பசி.

10 கிராம் பழையது, 50 மா, 50 தண்ணீர் என்று போடுங்கள். இரவு குளிர்ந்த தண்ணீரில் கலந்தால் விடியும்வரை ஓரளவு தாங்கும். அதற்கும் முந்திப் பொங்கி இறங்கினால் தண்ணீரை 30 ஆகக் குறைத்து ரொட்டிக்குக் குழைப்பதுபோல் இறுக்கமாகக் குழைத்துவிடுங்கள், இறுகிய மா மெதுவாகத்தான் புளிக்கும்.

ஆனால் இதெல்லாம் வளர்ந்த ஸ்டார்ட்டருக்கு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏமாறுவது இரண்டாம், மூன்றாம் நாளில். திடீரென்று பொங்கும், நாறும், பிறகு சில நாள் செத்ததுபோல் கிடக்கும். முதலில் பொங்க வைத்தது ஈஸ்ட் இல்லை, வேறு பக்டீரியா. புளிப்பு ஏறினால்தான் அது அடங்கி ஈஸ்ட் தலையெடுக்கும். அந்த நாட்களில் பயந்துபோய் மாவை அள்ளி அள்ளிப் போட்டால் சேர்ந்த புளிப்பும் கரைந்துவிடும். அப்பத்துக்கு விடுவதுபோல் கள்ளு விடலாமா என்று சித்தி கேட்டார். தேவையில்லை சித்தி, மாவிலேயே ஈஸ்ட் இருக்கிறது, கொஞ்சம் ஆட்டா மாவோ குரக்கன் மாவோ சேர்த்தால் காணும்.

ஜாம் போத்தல் மூடியை இறுக்கிப் பூட்டாதீர்கள், காற்று அடைத்து வெடிக்கலாம். அதற்காக வெறும் துணியும் கட்ட வேண்டாம், கச்சான் காற்றுக்கு மேல்மா காய்ந்து தோலாகிவிடும். எறும்புக்குப் போத்தலைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் சில நாள் வேறு தண்ணீர். இளஞ்சிவப்போ செம்மஞ்சளோ கோடு தெரிந்தால், பூஞ்சணம் பிடித்தால், யோசிக்காமல் கொட்டுங்கள்.

பொங்கி இறங்கி நெடுநேரமான ஸ்டார்ட்டரில் பாண் சுடுவதும் தவறுதான். புளிப்பு மிஞ்சினால் மாவின் இழுவை போய்விடும், எவ்வளவு குழைத்தாலும் கையில் ஒட்டி ஒழுகும். போத்தலில் ஒரு இறப்பர் பாண்ட் போட்டு வைத்தால் எவ்வளவு ஏறியது என்று தெரியும். உச்சியில் நிற்கும்போதே எடுங்கள்.

ஒரு கிழமையாவது ஒழுங்காக இரண்டு மடங்கு பொங்காத ஸ்டார்ட்டரை பிரிட்ஜில் வைக்காதீர்கள். வளர்ந்தபின் வைக்கலாம், கிழமைக்கு ஒருதரம் மா போட்டால் போதும். பிரிட்ஜை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள், 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாளை மறந்திருக்க மாட்டீர்கள். கொஞ்சத்தை எண்ணெய்த்தாளில் மெல்லிசாகப் பூசி நிழலில் காயவிட்டு நொறுக்கி டப்பாவில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். என்னுடையது சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பப்படத்தூள் என்று நினைத்து யாரும் கறிக்குள் போடாமல் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.