போட்ட தொப்பியை மடியில் வைக்காதீர்கள்

வாசல் வரைக்கும் தலையில் இருந்த தொப்பி, உள்ளே நாலு பேர் திரும்பிப் பார்த்ததும் மடிக்கு வந்துவிடும். எடுப்பான தொப்பி போட ஆசைப்படுகிறவர்கள் செய்கிற தவறுகளில் பெரியது இதுதான். மற்றதெல்லாம் அளவு, ஓலை, காற்று, ஊசி என்று கையால் சரிசெய்யக்கூடிய விஷயங்கள்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். சித்தப்பாவின் மகளுக்குத் தேவாலயத்தில் கலியாணம், காலைப் பூசை. அதற்கென்றே மூன்று கிழமை தேடி அகல விளிம்பு வைத்த ஓலைத் தொப்பி ஒன்று வாங்கி, ஒரு பக்கத்தில் மாத்திரம் மாதுளம்பூ நிறத்தில் பெரிய துணிப்பூ ஒன்றைத் தைத்திருந்தேன். ஓட்டோவால் இறங்கும்போது தலையில் இருந்தது. வாங்கில் போய் இருந்தபோது மடியில் இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியம்மா குனிந்து, "தலையில போடத்தானே பிள்ளை வாங்கினனீ, பிறகேன் மடியில வச்சிருக்கிறாய்?" என்று கேட்டார். திரும்பப் போட்டேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் மூன்று பேர் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார்கள், ஒரு சின்னப்பிள்ளை தனக்கும் ஒருக்கால் போட்டுவிடச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தது, நான் பயந்த மாதிரி ஒரு ஆளும் ஒன்றும் சொல்லவில்லை. தயங்கித் தயங்கிப் போட்ட தொப்பியைத்தான் சனம் கூர்ந்து பார்க்கும். கழற்றி, திரும்பப் போட்டு, விளிம்பைத் தடவி, கண்ணாடி தேடி நடக்கிறவரைப் பார்த்தால் யாருக்கும் ஏதோ பிழை என்றுதான் தோன்றும். அதனால் வீட்டிலேயே போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் நடமாடுங்கள், தேத்தண்ணி குடியுங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள். தொப்பி தலையில் இருப்பதை நீங்கள் மறந்த பிறகு வெளியே இறங்குங்கள்.

"எங்கட ஆக்களுக்கு இது பழக்கமில்லை" என்று சொல்லி ஆசையை அடக்குவது அடுத்த தவறு. நம்முடைய கலியாணத்தில் மாப்பிள்ளைக்கும் தோழனுக்கும் தலைப்பாகை இல்லாமல் படம் எடுக்கிறோமா? சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்றால் நமக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருவது அந்தத் தலைப்பாகைதானே. தலையில் ஒன்றை அணிந்து சபையில் நிமிர்ந்து இருப்பது நமக்குத் தெரிந்த அழகுதான், அதைப் பெண்கள் செய்தால் மட்டும் புதினமாகப் பார்க்கிறோம். தொப்பிக்குப் பேர்போன இங்கிலாந்திலும் சனம் சும்மா விடுவதில்லை. 2011 ஏப்ரலில் இளவரசர் வில்லியத்தின் கலியாணத்துக்கு இளவரசி பீட்ரிஸ் போட்டுப்போன, பெரிய நாடா முடிச்சு மாதிரியான தொப்பியை உலகமே கேலி செய்தது. பிலிப் ட்ரேசி என்ற தொப்பி வடிவமைப்பாளர் செய்த தொப்பி அது. பீட்ரிஸ் அடுத்த மாதமே அதை இணையத்தில் ஏலம் விட்டு, 81,100 பவுணுக்கு விற்று, காசைச் சிறுவர்களுக்கான தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்தார். கேலி நின்ற இடம் தெரியவில்லை.

சரி, இனிக் கைவேலைக்கு வருவோம்.

அளவு எடுக்காமல் வாங்குவதால்தான் பாதித் தொப்பிகள் அலுமாரிக்குள் கிடக்கின்றன. தையல் நாடாவை எடுத்து, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு, காதுகளுக்குச் சற்று மேலாக, பின்தலை புடைத்திருக்கிற இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். வளர்ந்த பெண்கள் பலருக்கு 55 முதல் 58 சென்ரிமீற்றருக்குள் வரும். ஆனால் ஒன்று, அன்றைக்கு என்ன தலையலங்காரமோ அதைச் செய்துவிட்டு அளவெடுக்க வேண்டும். உச்சியில் கொண்டை போட்டால் எந்தத் தொப்பியும் தலையில் இறங்காது, பானைக்கு மேல் வைத்த மூடி மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். பிடரியோடு ஒட்டிய தாழ்ந்த கொண்டைதான் தொப்பிக்கு நல்ல தோழி, பின்னால் அது ஒரு முட்டுக்கொடுக்கும். இறுக்கமான தொப்பி நெற்றியில் சிவப்புக் கோடு போட்டு மத்தியானத்துக்குள் தலையிடி தரும், அதை வாங்கவே வேண்டாம். கொஞ்சம் தளர்வானதை உள்விளிம்பில் பருத்தித் துணிப்பட்டி தைத்து இறுக்கிக்கொள்ளலாம். அந்தப் பட்டி வேர்வையையும் குடிக்கும். தலைக்கு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வைத்த கையோடு தொப்பி போடாதீர்கள். ஓலையில் ஏறிய எண்ணெய்க் கறை போகவே போகாது, முதல் நாளே முழுகிவிடுங்கள்.

எதனால் செய்த தொப்பி என்று பாராமல் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கே நிறையப் பேர். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற மச்சாள்மார் கொண்டுவந்து தருகிற கம்பளித் தொப்பி பார்க்க நல்ல வடிவுதான், ஆனால் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருக்கேலாது. வெளிநாட்டுக் கலியாணத் தொப்பிகளில் சினமாய் என்ற மெல்லிய நெசவைக் காண்பீர்கள், பிலிப்பைன்ஸில் வளர்கிற, வாழையினத்தைச் சேர்ந்த அபாகாவின் நாரால் நெய்வது. அது காற்றோட்டமானது, நம்முடைய வெக்கைக்குப் பொருந்தும். பனாமாத் தொப்பி என்று உலகம் சொல்வது பனாமா நாட்டுத் தொப்பியே இல்லை. எக்குவடோரில் ஒருவகை ஓலையைக் கீறிக் கையால் இழைப்பது, அந்த இழைப்பை 2012 இல் யுனெஸ்கோ அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதை முதன்முதல் படத்தில் பார்த்தபோது எனக்கு அம்மம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. நம்முடைய பனங்குருத்தும் அதே மாதிரித்தான்: குருத்தோலையை வெட்டிக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, வாராகக் கிழித்து இழைப்பது. வார் எவ்வளவு ஒடுக்கமோ வேலை அவ்வளவு நுணுக்கம், அவ்வளவு நாள். பெட்டி இழைக்கத் தெரிந்த கைக்குத் தொப்பி பெரிய காரியமில்லை. நீங்கள் கேட்டால் உங்கள் தலை அளவுக்கே இழைத்துத் தரக்கூடியவர்கள் நம்முடைய ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். கேளுங்கள். கேட்காமல் விடுவதையும் தவறுகளில் ஒன்றாகத்தான் நான் எழுதுவேன்.

ஓலைத் தொப்பி வாங்கும்போது அதைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் ஒரே சீராகத் தெரிந்தால் இழைப்பு நல்லது. ஒரு இடத்தில் மாத்திரம் பெரிய ஓட்டை தெரிந்தால் அந்த இடம்தான் முதலில் பிரியும். விளிம்பை மெல்ல வளைத்துப் பாருங்கள், நொறுக்கென்று சத்தம் கேட்டால் ஓலை காய்ந்து போய்விட்டது. பிறகு விளிம்பின் கீழ்ப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். வார் முனைகள் உள்ளே செருகப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தால் சேலைத் தலைப்பை இழுத்து நூலெடுத்துவிடும், ஒரு நல்ல சேலை அப்படிப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காற்றை மறப்பது யாழ்ப்பாணத்தில் மன்னிக்க முடியாத தவறு! வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசுகிற ஊர் இது. பண்ணைப் பாலத்தடியில் நின்று படம் எடுக்கவோ கசோரினா கடற்கரையில் பிறந்தநாள் கொண்டாடவோ போகிறவர்கள், அகல விளிம்பு என்பது காற்றுக்கு ஒரு பாய் மாதிரி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சோளக மாதங்களில் விளிம்பு ஒரு கையகலத்துக்கு மேல் வேண்டாம், உயரத்தையோ பூவையோ கூட்டி எடுப்பைக் காட்டலாம். தொப்பிக்குள் மெல்லிய இலாஸ்டிக் தைத்து, நாடிக்குக் கீழே இல்லை, காதுக்குப் பின்னால், கொண்டைக்கு அடியில் போகவிடுங்கள். தலைமயிர் அதை மறைத்துவிடும். தொப்பி ஊசி பாவிக்கிறவர்கள் தொப்பியைக் குத்தி, கொண்டையின் மயிருக்குள்ளால் கொண்டுபோய், திரும்பத் தொப்பிக்கு வெளியே முனையை எடுக்கவேண்டும், அந்த முனைக்குக் கட்டாயம் ஒரு மூடி வேண்டும். ஒரு காலத்தில் இந்த ஊசிகள் நீண்டு நீண்டு பக்கத்தில் நிற்கிறவர்களின் முகத்தைக் கிழித்ததால், சிகாகோ நகரசபை 1910 இல் ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட தொப்பி ஊசிகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நம்முடைய மண்டபங்களில் ஆட்கள் தோளோடு தோள் உரசித்தான் நிற்பார்கள், அதனால் ஊசி குட்டையாகவே இருக்கட்டும்.

அப்புறம் கொண்டுபோகிற விதம். ஸ்கூட்டியில் போகிறவர்கள் ஹெல்மெட்டோடுதான் போகவேண்டும், தொப்பி தனியாக வரட்டும். அதற்கு ஒரு பனையோலைக் கடகத்தைவிட நல்ல பெட்டி இல்லை: அடியில் பழைய வேட்டித்துணியைச் சுருட்டி வட்டமாக வைத்து, தொப்பியின் உச்சி கீழே பார்க்க அதற்குள் இருத்தினால் விளிம்பு மடியாது. உச்சியில் பூவோ இறகோ இருந்தால் மாத்திரம் நிமிர்த்தி வைத்து, உள்ளே துணி அடையுங்கள். எடுக்கும்போது இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து எடுங்கள். உச்சியைக் கிள்ளித் தூக்குகிறவர்களின் தொப்பியில் கொஞ்ச நாளில் இரண்டு விரல் பள்ளம் விழும், பிறகு வெடிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் போடுவது இன்னொன்று. காஞ்சிபுரம் சேலை, கழுத்து நிறைய நகை, தலை நிறைய மல்லிகை, அதற்கு மேல் தொப்பி என்றால் கண் எங்கே போய் நிற்கும்? தொப்பி எடுப்பாக இருக்கவேண்டுமென்றால் மற்றவை அதற்கு வழிவிடவேண்டும். வெறும் பருத்திச் சேலை, ஒரே நிறம், ஒடுக்கமான கரை, காதில் சின்னத் தோடு. ஜிமிக்கி வேண்டாம், அகல விளிம்பின் நிழலில் அது தெரியவும் தெரியாது, இலாஸ்டிக்கில் கொழுவவும் பார்க்கும். சேலையின் நிறத்திலேயே தொப்பி தேடி அலையவும் வேண்டாம். கரையில் ஒரு நூல் அளவுக்கு வருகிற நிறத்தை எடுத்துத் தொப்பியில் முழுதாகப் போடுங்கள், அது பேசும்.

எங்கே போடுவது, எங்கே கழற்றுவது என்பதில் நான் கண்டிப்பானவள். கோயிலுக்குத் தொப்பி வேண்டாம், நல்லூர்த் திருவிழா வெயிலானாலும் குடையோடு நில்லுங்கள். செத்த வீட்டிலும் வேண்டாம். தேவாலயத்தில் பெண்கள் தொப்பியோடு இருக்கலாம், ஆண்கள் கழற்றவேண்டும், இது விவிலியத்தின் கொரிந்தியர் திருமுக வழி வந்த பழைய வழக்கம். இந்துக் கலியாணத்தில் மணவறைக்கு ஏறி அறுகரிசி போடுகிற நேரம் கழற்றிக் கையில் பிடியுங்கள், பெரியவர்களின் காலில் விழுந்து எழும்பும்போதும் அப்படித்தான், அவர்கள் கை வைப்பது உங்கள் தலையில், ஓலையில் இல்லை. இந்தக் கழற்றலை வெட்கத்தில் கழற்றி மடியில் வைப்பதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள், இது மரியாதை. முடிந்ததும் திரும்பப் போடுங்கள்.

இருக்கிற இடமும் முக்கியம். அகல விளிம்போடு முன் வரிசைக் கதிரையில் இருந்தால் பின்னால் இருக்கிற நாலு பேருக்குத் தாலி கட்டுகிறது தெரியாது. ஓரக் கதிரை, இல்லாவிட்டால் பின் வரிசை. கமராக்காரர் வரும்போது நாடியைக் கொஞ்சம் உயர்த்தி, விளிம்பை ஒரு பக்கம் சாய்த்துவிட்டால் முகத்தில் வெளிச்சம் விழும். இல்லாவிட்டால் அல்பம் முழுக்க உங்களுக்கு மூக்குக்குக் கீழேதான் முகம் இருக்கும். அகல விளிம்பு பகலுக்கானது. மாலை வரவேற்புக்குச் சின்னத் தலையணி போதும். இங்கிலாந்தின் அஸ்கொட் குதிரைப் பந்தயத்தில் அரச வளாகத்துக்குள் போக வேண்டுமானால் தலையணியின் அடித்தளம் நாலு அங்குலமாவது இருக்கவேண்டும் என்று 2012 இலிருந்து விதி இருக்கிறது. நமக்கு அப்படி விதி போட ஒருவரும் இல்லை, சின்னதையும் துணிந்து போடலாம்.

முதல் முறை என்றால் கலியாண வீட்டில் தொடங்க வேண்டாம் என்பது என் எண்ணம். தை, மாசியில் பள்ளிக்கூடங்களில் நடக்கிற இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் போட்டுப் போங்கள், பிள்ளையின் இல்ல நிறத்தில் ஒரு பட்டி கட்டிக்கொண்டு. வெயில் இருக்கிறது, ஆரவாரம் இருக்கிறது, தொப்பிக்குக் காரணம் கேட்க ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு பங்குனியில் யாழ் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் வடக்கின் பெரும் சமர். 1904 இல் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டம் அது, கொடியும் மேளமும் விசிலுமாக ஊரே நிற்கிற இடத்தில் நீங்கள் எவ்வளவு பெரிய தொப்பி போட்டாலும் காணாது. இந்த இரண்டிலும் போட்டவருக்குக் கலியாண மண்டபத்துக்குள் கால் தயங்காது.

யாராவது "என்ன, வெள்ளைக்காரி மாதிரி?" என்று கேட்டால் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். "பனையோலை அன்ரி, நல்லாயிருக்கே?" என்று கேட்டுவிட்டுக் கழற்றி அவர் கையில் கொடுங்கள். கொடுத்த தொப்பியைப் போட்டுப் பார்க்காமல் திருப்பித் தந்தவரை நான் இன்னும் காணவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உடனே பெட்டிக்குள் அடைக்காமல், உள்பட்டி காயும் வரைக்கும் நிழலில் வைத்துவிடுங்கள். வெயிலில் வைத்தால் ஓலை வெடிக்கும், மாரியில் ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். விளிம்பு நெளிந்திருந்தால் தண்ணீரை மெல்லத் தெளித்து, தட்டையான மேசையில் ஒரு இரவு பாரம் வைத்துவிட்டால் காலையில் நேராகிவிடும். விளிம்பு மடிப்பை ஒரு பழைய பல்துலக்கும் தூரிகையால் தட்டிவிடவும் மறக்காதீர்கள், கலியாண வீட்டுக்குப் போய்வந்த தொப்பி என்றால் அதற்குள் அறுகரிசி நாலு மணியாவது கிடக்கும்.