மேடைப் பேச்சை மைக் செட்காரன் காதால் கேளுங்கள்

முப்பது வருஷமாகக் கூட்டங்களுக்கு மைக் செட் போடுகிறேன், எல்லாக் கட்சிக்கும்தான். கூட்டத்துக்குப் போனால் முன்வரிசையில் உட்காராதீர்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கம் வந்து நில்லுங்கள். பேசுகிறவர் முகமும் கேட்கிறவர்கள் முகமும் சேர்ந்து தெரிவது அங்கிருந்துதான்.

முதலில், எப்படிக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். அண்ணாவுக்கு 'தம்பி'. எம்.ஜி.ஆருக்கு 'இரத்தத்தின் இரத்தமே'. கலைஞர் 'என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே' என்று முடிப்பதற்குள் விசில் பறக்கும். ஓட்டுக் கேட்க வந்தவர் அந்த ஒரு வரியில் வீட்டு ஆளாகிவிடுகிறார். வீட்டு ஆளிடம் யாராவது கணக்குக் கேட்பார்களா? (எங்கள் வீட்டில் கேட்பார்கள், அது வேறு.)

அடுத்து 'நாம்', 'நாங்கள்'. கஷ்டம் என்றால் 'நாம் ஏமாந்தோம்'. பாலம் என்றால் 'நாங்கள் கட்டினோம்'. கட்டாத பாலத்துக்கு இரண்டுமே கிடையாது. 'விரைவில் கட்டித் தரப்படும்'. யார் தருவார்? ஒரு துண்டுச் சீட்டில் மூன்றையும் கோடு போட்டு எண்ணுங்கள். பழகிவிட்டால் சீட்டு வேண்டாம்.

கதை வரும்போதுதான் கஷ்டம். கண்ணகி என்று ஆரம்பித்தால் நானே மயங்கிவிடுவேன். மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலையை 2001-இல் எடுத்தார்கள்; 2006-இல் திரும்ப வைத்தார்கள். மூன்றும் மேடைப் பேச்சானது. முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. 'சிலம்பு' என்றால் போதும், பாண்டியன் எந்தக் கட்சி என்று கூட்டமே முடிவு செய்துகொள்ளும். மதுரை எரியும் இடத்தில் குரல் ஏறும். நான் வால்யூமைக் குறைக்காவிட்டால் குழாய் ஸ்பீக்கர் கூவிவிடும். ஆனால் அதற்கு முன்னால் அவள் சிலம்பை உடைத்து, 'என்னுடையதில் இருப்பது மாணிக்கம்' என்று காட்டினாளே, அரசியுடையதில் முத்துதானே? அந்த இடத்தைப் பெரும்பாலும் தாண்டிவிடுவார்கள். நீங்கள் தாண்டாதீர்கள். இவர் எந்தச் சிலம்பை உடைத்துக் காட்டினார்?

வாக்குறுதி பாட்டுப் போல இருந்தால் உஷார். 1967 தேர்தலில் தி.மு.க. தந்த அரிசி வாக்குறுதியை அப்பா சொல்வார்: 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்'. ஊர் ஞாபகத்தில் நின்றது மூன்று. ஜெயித்தபின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டார்கள். 'நிச்சயம்' எதற்குச் சொன்னார்கள் என்று கவனித்தவர்கள் ஏமாறவில்லை.

பத்து மணிக்கு மைக்கை அணைத்துவிடுவேன். வீட்டுக்குப் போய், கேட்டதைச் சாதாரணக் குரலில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். போன மாதம் நான் சொல்லி முடித்ததும் வீட்டம்மா, "சரி, நம்ம தெருவுக்குத் தண்ணி எப்ப வருமாம்?" என்றாள். இரண்டு மணி நேரத்தில் அந்தப் பேச்சே வரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.