தலை நரைத்த பிறகு, ஜெயிலுக்குள் கடவுளைத் தேடுகிறவர்களுக்கு

வயதான கைதிகளோடு உட்கார்ந்து பேசினால், 'கடவுள் இருக்கிறாரா' என்று கேட்பவர்கள் குறைவு, 'இனிமேல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிடுவது' என்பவர்கள்தான் அதிகம். அந்தக் கூச்சம் உங்களுக்கும் இருக்கிறதா? சரி, அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஒரு தாள் வாங்கி, செய்ததை எழுதுங்கள். (மேல்முறையீடு நடக்கிறதென்றால் வக்கீலிடம் கேட்காமல் எழுத வேண்டாம், மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.) இங்கேதான் நம் தமிழ் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கும். 'தகராறு வந்தது, கை ஓங்கிவிட்டது, கத்தி பட்டுவிட்டது' என்று பக்கம் பக்கமாக எழுதலாம், அதில் ஓரிடத்தில்கூட 'நான்' வராது. அதை அடித்துவிட்டு 'நான் குத்தினேன்' என்று எழுதுங்கள், யாரை என்று பெயரோடு. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு அந்த ஒரு வரி எழுத மூன்று வாரம் ஆனது. எழுதிய ராத்திரி கம்பளியை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதார், மறுநாள்தான் முதல் தடவையாகப் பிரார்த்தனைக்கு வந்து கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

லூக்கா நற்செய்தியில் இயேசுவோடு சிலுவையில் தொங்கிய குற்றவாளிக்கு மிஞ்சியிருந்தது சில மணி நேரம்தான். அவரும் 'என்னை நினைத்துக்கொள்ளும்' என்று கேட்பதற்கு முன்னால், செய்ததற்குத்தான் தண்டனை அனுபவிக்கிறோம் என்று ஒத்துக்கொண்டார். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அப்புறம் நேரம். செல்லில் சத்தம் ஓயாது, அதனால் காலைக் கணக்கெடுப்புக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் போதும். முட்டி வலித்தால் மண்டியிட வேண்டாம், படுத்தபடியே வேண்டிக்கொள்ளலாம். வார்த்தை வரவில்லையா, சும்மா இருங்கள். 1994-இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் 10 நாள் விபாசனா தியானத்தில் மௌனமாக உட்கார்ந்தார்கள். வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளின்படி, தகுதியுள்ள எந்த மதப் பிரதிநிதியைச் சந்திப்பதையும் கைதிக்கு மறுக்கக் கூடாது. அதேபோல, வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அதையும் மதிக்க வேண்டும்.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நேராகக் கடிதம் போடாதீர்கள், தயவுசெய்து. உங்கள் மனம் லேசாக வேண்டும் என்பதற்காக ஆறிவரும் புண்ணைக் கிளற வேண்டாம்; சிறை நிர்வாகம் வழியாக, அவர்கள் சம்மதித்தால் மட்டும். அவர்கள் மன்னிக்காமலே இருந்துவிடலாம். கொலைகாரனாக இருந்து பிக்குவான அங்குலிமாலர் பிச்சைக்குப் போன இடத்தில் கல்லும் கட்டையும் வந்து விழுந்தன, மண்டை உடைந்து ரத்தம் வழிய திரும்பியவரிடம் புத்தர் பொறுத்துக்கொள் என்றுதான் சொன்னார்.

பிள்ளைகள் பார்க்க வந்தால் 'அப்பா மாறிட்டேன்' என்று ஆரம்பிக்காதீர்கள், அதை அவர்கள் எத்தனையோ தடவை கேட்டிருப்பார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள், பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.