செம்புறாங்கல் மதிலில் லைக்கன் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சித்திரையில் இரண்டு கல்லூரி மாணவிகள் கானாடுகாத்தான் பக்கம் பழைய மதில்களில் சேகரித்த மாதிரிகள் நிறைந்த உறைகளோடு வீட்டுக்கு வந்தார்கள். "எல்லாமே சயனோபாக்டீரியா இருக்கிற லைக்கன்தான் அக்கா" என்றார்கள். ஒரு பூஞ்சையும், ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து வாழ்வதுதான் லைக்கன். அந்தக் கூட்டாளி பச்சைப்பாசியாக இருக்கலாம், அல்லது நீலப்பச்சைப்பாசி என்றும் சொல்லப்படும் சயனோபாக்டீரியாவாக இருக்கலாம். உறையைப் பிரித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் முதல் வருட உறைகளும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தன. தேதி எழுத மறப்பது, உறை மாறிப்போவது எல்லாம் தானாகவே சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

காய்ந்த நிலையில் பார்த்து முடிவு கட்டுவது

இதை யார் செய்தாலும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்த வருடம் பங்குனி வெயிலில் அலைந்து, கறுப்பாக ஒட்டியிருந்ததை எல்லாம் சுரண்டி, அறுபது உறைகளுக்குமேல் சேர்த்து, அத்தனையிலும் 'லைக்கன்' என்று எழுதிவைத்தேன். எனக்குக் கற்றுத்தந்தவர் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பாதிக்கு மேல் பூஞ்சையே இல்லை, வெறும் சயனோபாக்டீரியா படலம். மீதியில் பல, காய்ந்தபோது சுரண்டியதால் தூளாகியிருந்தன. மறுபடி ஐப்பசி மழை வரும்வரை காத்திருந்தேன்.

கறுப்பு நிறம் ஏமாற்றும். வெயிலிலிருந்து தப்பிக்க, பல சயனோபாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றியுள்ள உறையில் ஸைட்டோனெமின் என்ற பழுப்பு நிறமியைச் சேர்த்துக்கொள்கின்றன. பூஞ்சையோடு வாழ்ந்தாலும் தனியாகச் சுவரில் படர்ந்தாலும் இதே கதைதான். மண்டபச் சுவரில் மழைத்தண்ணீர் வழிந்த தடத்தில் கறுப்புக் கோடு பார்த்திருப்பீர்களே, அதில் பெரும்பாலும் லைக்கன் இருக்காது.

அதனால் முதலில் தண்ணீர் தெளியுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். கொலீமா என்ற லைக்கன் வகை என்றால் கருகிய காகிதம் போலிருந்தது ஊறி உப்பி, கரும்பச்சை ஜெல்லியாக எழும். லென்ஸில் மடல்களின் விளிம்பு தெரியும், சிலதில் குட்டித் தட்டு போன்ற காய்களும் இருக்கும். பிறகு ஒரு துணுக்கை ஸ்லைடில் நசுக்கிப் பாருங்கள். நோஸ்டாக் என்ற சயனோபாக்டீரியாவின் மணிமாலை போன்ற சங்கிலிகள், இடையிடையே வெளிறிய பெரிய செல்கள் தெரியும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் ஹெட்டிரோசிஸ்ட் அவைதான். அவற்றுக்கிடையே நிறமற்ற பூஞ்சை இழைகள் ஓடினால்தான் லைக்கன்.

ஈரக்காற்று போதும் என்று நம்புவதும் இதே தவறின் தம்பிதான். பச்சைப்பாசியோடு வாழும் பல லைக்கன்கள் காற்றின் ஈரத்திலேயே விழித்து ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். சயனோபாக்டீரியா உள்ளவற்றுக்குத் தண்ணீரே மேலே விழ வேண்டும். காலை ஈரத்தில் ஒளிச்சேர்க்கையை அளந்துவிட்டு 'செத்துவிட்டது' என்று எழுதாதீர்கள்.

சங்கிலி இல்லை என்று தூக்கிப்போடுவது

வெயில் காயும் பாறைகளில் வளரும் பெல்டுலா என்ற லைக்கனில் கூட்டாளி நோஸ்டாக் அல்ல, ஒற்றைச் செல்களாக வாழும் குரோகாக்கிடியாப்சிஸ் என்ற சயனோபாக்டீரியா. அதில் ஹெட்டிரோசிஸ்ட்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கல்பாசியை உதாரணம் காட்டுவது

கோழிக்குழம்புக்குத் தாளிக்கிறோமே, அதுவும் லைக்கன்தான். ஆனால் அதற்குள் இருப்பது பச்சைப்பாசி, சயனோபாக்டீரியா இல்லை. காரைக்குடி மளிகைக்கடையில் வாங்கிய கல்பாசியை வைத்து நைட்ரஜன் பற்றி விளக்கிய ஒருவரை நானே சந்தித்திருக்கிறேன்.

பாலிதீன் பை

பூசணம் பிடிக்கும். காகித உறையில் வைத்து நிழலில் உலர்த்துங்கள்.

திருமயம் கோட்டைச் சுவர்

கத்தி வைக்கவே கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். படம் மட்டும் எடுங்கள்.

ஒரே பெயரை இரண்டுக்கும் வைப்பது

லைக்கனின் பெயர் பூஞ்சைக்கு உரியது. உள்ளே இருக்கும் சயனோபாக்டீரியாவுக்குத் தனிப் பெயர் உண்டு. உறையில் இரண்டு வரி ஒதுக்கி, கூட்டாளியைக் கண்ணால் பார்க்கும்வரை இரண்டாவது வரியைக் காலியாக விடுங்கள். அந்த மாணவிகளின் உறைகளில் இப்போது அந்த வரி காலியாகத்தான் இருக்கிறது. ஐப்பசியில் மறுபடி போகிறோம்.