விலை குறைந்த மொடல் ரயில் எஞ்சின்: பழைய வார்ப்பையும் புது வார்ப்பையும் ஒப்பிடுவது எப்படி?

ஒரே எஞ்சின், ஒரே நிறம். ஒன்று பழைய அச்சில் வந்த பழைய வார்ப்பு, மற்றது புதிதாக அச்சு வெட்டிச் செய்தது. எதை வாங்கலாம்? பெட்டியையும் பெயின்ட்டையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். திருகோணமலையின் உப்புவெளி, திருக்கடலூர் போலக் கடற்காற்று நேரே அடிக்கும் இடங்களில், எஞ்சினின் அடிப்பாகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

படி 1: கவிழ்த்துப் பாருங்கள்

மெல்லிய துணியை விரித்து எஞ்சினைக் கவிழ்த்து வையுங்கள். எத்தனை சில்லுகள் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கின்றன என்று எண்ணுங்கள். லிமா என்ற இத்தாலிய நிறுவனத்தின் பழைய டீசல் எஞ்சின்களில் வட்டமான தட்டை மோட்டர் ஒரு போகிக்குள்ளேயே (சில்லுகளைத் தாங்கித் திரும்பும் சட்டம்) இருக்கும். அந்தப் போகியின் ஒரு பக்கச் சில்லுகள் ஒரு தண்டவாளத்திலிருந்தும், அடுத்த போகியின் எதிர்ப்பக்கச் சில்லுகள் மற்றதிலிருந்தும் மின்சாரம் எடுக்கும். பாதிச் சில்லுகள் சும்மாதான் உருளும். உப்பு ஈரம் படிந்த தண்டவாளத்தில் இது பெரிய குறை. தண்டவாளம் பிரியும் பொயின்ட் மேல் ஏறியதும் நின்றுவிடும். புது அடிப்பாகத்தில் இரு பக்கமும் கூடுதல் சில்லுகளில் மெல்லிய செப்புத் தகடுகள் உரசுவதைக் காணலாம்.

ஒரு எச்சரிக்கை. லிமாவின் வார்ப்பு அச்சுகள் 2004-இல் ஹோர்ன்பி என்ற பிரித்தானிய நிறுவனத்திடம் போயின. அவற்றில் சில ‘ரெயில்ரோட்’ என்ற மலிவு வரிசையில் வேறு மோட்டருடன் வந்தன. அதாவது உடல் பழசு, அடிப்பாகம் புதுசு. ஓட்டத்துக்கு இதுவும் நல்ல தெரிவுதான். வார்ப்போடு ஒட்டிய கைப்பிடிகளைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 2: தண்டவாளத்தைத் துடையுங்கள்

ஐசோப்ரொப்பைல் அல்ககோல் தொட்ட துணி போதும். பழைய இரும்புத் தண்டவாளம் என்றால் இங்கே கறள் பிடிக்கும். கறள் பிடிக்காத நிக்கல் சில்வர் உலோகக் கலவைத் தண்டவாளத்துக்கு மாறுங்கள்.

படி 3: மெதுவாக ஓட்டுங்கள்

இதுதான் உண்மையான பரீட்சை. வேகமாக எந்த எஞ்சினும் ஓடும். இரண்டையும் முன்னும் பின்னுமாகச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். அப்புறம் 1 மீட்டர் தூரத்தை அளந்து குறியிடுங்கள். ஓஓ (OO) என்ற மொடல் அளவு 1:76, அதாவது அசலில் 76-இல் ஒரு பங்கு என்பதால், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமாக ஓட, அந்த 1 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 27 செக்கன் எடுக்க வேண்டும். மூன்று முனை மோட்டர் (சுழலும் பகுதியில் மூன்று காந்த முனைகள் கொண்டது) உள்ள பழைய எஞ்சின் பெரும்பாலும் இந்த வேகத்தில் உதறி உதறி நிற்கும். ஐந்து முனை மோட்டர் கூடுதல் நிதானமாக ஊரும்.

படி 4: பெட்டிகளைக் கோர்த்து இழுக்கவிடுங்கள்

இங்கே பழசு வெல்லலாம். அதன் சில்லுகளில் உள்ள ரப்பர் வளையங்கள் ஏற்றத்தில் நன்றாகப் பிடிக்கும். ரப்பர் இல்லாத இலேசான புது எஞ்சின் வழுக்கும். ஆனால் ரப்பர் நாட்பட இறுகி வெடிக்கும், தண்டவாளத்தையும் அழுக்காக்கும். மாற்று வளையம் கிடைக்குமா என்று முதலே விசாரியுங்கள்.

படி 5: டிசிசி சொக்கெற்

டிசிசி (DCC) எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறைக்கு மாறும் எண்ணம் இருந்தால் உள்ளே 8 பின் சொக்கெற் இருக்கிறதா பாருங்கள். பழைய எஞ்சினில் வயர் வெட்டி, ஈயம் பற்றவைத்துத்தான் டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டரை இயக்கும் சிறு மின்பலகை) பொருத்த முடியும். மோட்டரின் மின் இணைப்புகளை உலோகச் சட்டத்திலிருந்து பிரிக்காவிட்டால் டிகோடர் எரிந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர் அந்த வேலையில் இறங்க வேண்டாம். சாதாரண 12 வோல்ட் நேர்மின்னோட்டத்திலேயே ஓட்டுங்கள்.